பகுபதமும் பல்லுறுப்புக் கோவையும்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையில் இயற்கணிதச் சொற்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது நெய்யாற்றின்கரைப் பகுதி. அதன் எல்லையூராகிய பாறசாலையும், கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையும் அடுத்தடுத்த ஊர்கள். 1956 நவம்பர் 1 வரை இவ்விரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு முன்வைத்த கோரிக்கையில் நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளும் இடம்பெற்றிருந்தன. எனினும் அவை கேரளத்திலேயே நின்றன. இவ்வாறு எல்லைக்கு வடக்கே தமிழ்ச் சிறுபான்மையும், தெற்கே மலையாளச் சிறுபான்மையும் உருவாயின. இச்செய்தி அரசியல் வரலாற்றாசிரியர்களால் பலவாறு எழுதப்பட்டுள்ளது. இவ்வெல்லை பள்ளிக் கணக்கின் சொற்களுக்குள் எவ்வாறு புகுந்தது என்பது அத்துணை கவனிக்கப்பெறவில்லை.

அதே 1956-ஆம் ஆண்டில் ஏழாவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்புச் சட்டத்தில் 350அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தருமாறு அது மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால் அப்பணிப்பு தொடக்கக் கல்வி நிலையோடு நின்றுவிடுகிறது. பல்லுறுப்புக் கோவை, காரணிப்படுத்தல், பூச்சியங்கள் ஆகியவை மாணவன் முன் வருவதோ ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில். தொடக்க வகுப்புகளில் தமிழில் எண்ணும் வடிவமும் கற்று, பின்னர் மலையாள வழிக்கு மாறும் எல்லைக் கிராமத்து மாணவன் ஒரு மொழியின் வடிவியற் சொற்களைக் கொண்டு மற்றொரு மொழியின் இயற்கணிதத்திற்குள் நுழைகிறான். தெற்கே மலையாளத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறுபவனின் நிலையும் இதுவே.

எண்கணித அளவில் இத்தகைய இடர் பெரிதும் இல்லை. இந்நிலப்பகுதியின் பழைய எண்ணறிவு பொதுச் சொத்தாகவே இருந்தது. பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலையை நிறுவிய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேடு, தன் காலத்தைக் கலியுகத்தின் 14,49,087-ஆம் நாள் என்று குறிக்கிறது. அவ்வூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், எல்லைக்கு அண்மையில் உள்ளது. பதினான்கு இலட்சத்தைக் கடந்த ஓர் எண் தமிழ்ச் செப்பேட்டில் தடங்கலின்றி எழுதப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தே கணக்கதிகாரம் என்னும் பெயரில் தமிழிலும் மலையாளத்திலும் நூல்கள் வழங்கின. நிலவரிக் கணக்கரின் பின்னப் பெயர்களும் இரு மொழிக்கும் ஏறக்குறைய ஒன்றே. இருபதில் ஒன்று மா. நாற்பதில் ஒன்று அரைமா. எண்பதில் ஒன்று காணி. எண்பதில் மூன்று முக்காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. தமிழின் ஐகாரம் மலையாளத்தில் அகரமாக ஒலிப்பது தவிர வேறுபாடு சிறிதே. இப்பின்னக் குறிகளுள் மலையாளத்தவை 2016-இலும் தமிழவை 2019-இலும் ஒருங்குறியில் இடம்பெற்றன. ஒரே கணக்கரின் ஓலையில் இருந்திருக்கக் கூடிய குறிகள் இரண்டு அட்டவணைகளில், மூன்றாண்டு இடைவெளியில், தனித்தனியே பதிவாயின.

இயற்கணிதத்தின் வரலாறு வேறு. அதன் சொற்கள் ஓலையிலிருந்து வந்தவை அல்ல. அச்சகத்திலிருந்தும் குழுக்களிலிருந்தும் வந்தவை.

தமிழில் இத்துறைக்கு முதலில் நூல் செய்தவர்கள் யாழ்ப்பாணத்தார். வட்டுக்கோட்டைக் கல்வி மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' 1855-இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வடமொழிப் பீசகணிதம் தமிழ் மரபுப்படி திரிந்து வீசகணிதம் ஆயிற்று. பதினாறில் ஒன்றை வீசம் என்று வழங்கிய தமிழ்க் கணக்கருக்கு இத்தலைப்பு வீசவாய்க்கணக்கு நூலெனத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. ஈழத்தில் பின்னர் அட்சரகணிதம் என்னும் பெயர் நிலைத்தது. தமிழகத்தில் இயற்கணிதம் நிலைத்தது. பல்லுறுப்புக் கோவை என்று தமிழகம் கூறுவதை ஈழம் பல்லுறுப்பி என்று சுருக்கிக் கூறுகிறது. மொழிபெயர்ப்பாளர் நோக்கில் ஈழ வடிவமே கையாள எளியது. அடைகள் பல சேரும்போது இரு சொல் தொடரைக் காட்டிலும் ஒரு சொல் வளைந்து கொடுக்கும்.

தமிழகத்தில் 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் சாத்திரக் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1938-இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது. 1940-இல் அரசு அமைத்த சீனிவாச சாத்திரி குழு வடமொழிச் சார்புடையது என்ற எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெதிர்ப்பின் பின்னரே கெழு, காரணி, மாறி, முற்றொருமை போன்ற சொற்கள் பாடநூல்களில் வேரூன்றும் சூழல் உறுதிப்பட்டது எனலாம். மலையாளத்திற்கு அத்தகைய பூசல் தேவைப்படவில்லை. ஏறத்தாழ 1530-இல் சேட்டதேவர் இயற்றிய 'யுக்திபாஷை' கணித நிறுவல்களை மலையாள உரைநடையிலேயே கூறுகிறது; அதன் கலைச்சொற்கள் வடமொழிக்குரியவை. எனவே 1961-இல் நடுவண் அரசின் அறிவியல் கலைச்சொல் ஆணையம் வடமொழி அடிப்படையில் அனைத்திந்தியச் சொற்களை வகுக்கத் தொடங்கியபோதும், 1968-இல் கேரள மொழி நிறுவனம் தோன்றியபோதும், மலையாளம் தன் பழைய பாதையிலேயே நடந்தது. சென்னையும் திருவனந்தபுரமும் இருவேறு திசையில் சொற்களைத் தேடின. பாறசாலை இடையில் இருந்தது.

பல்லுறுப்புக் கோவைக்கு மலையாளம் வழங்கும் சொல் 'பஹுபதம்'. பஹு என்பது பல. பதம் என்பது உறுப்பு. இந்தியிலும் இச்சொல்லே வழங்குகிறது. இதனைத் தமிழ் எழுத்தில் தமிழ் மரபுப்படி எழுதினால் என்னாகும்? மஹி மகியாவது போல, மோஹம் மோகமாவது போல, ஹகரம் ககரமாகத் திரியும். பஹுபதம் 'பகுபதம்' ஆகும். நன்னூற் பதவியலைக் கற்ற எவரும் இவ்விடத்தில் நின்றுவிடுவர். பகுபதம் என்பது பகுக்கப்படும் சொல்; பகாப்பதத்தின் எதிர்நிலை. 'நடந்தனன்' என்பது நட, த், த், அன், அன் எனப் பகுபடும். முதல் தகரம் நகரமாய் விகாரப்படும். 'மரம்' பகுபடாது.

இவ்வொலியொற்றுமை தற்செயலானது, பொருளோ வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. பல்லுறுப்புக் கோவையைக் காரணிகளாகப் பகுத்தலே உயர்நிலை இயற்கணிதத்தின் தலையாய பணி. தமிழ் ஏற்கெனவே எண்களைப் பகு எண், பகா எண் என்று வகுத்துள்ளது. எனவே பகுபடும் கோவை பகுபதம், பகுபடாதது பகாப்பதம் என்று கொள்ளும் ஆவல் எழுவது இயல்பே. எல்லைப் பகுதியின் இருமொழி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இவ்வாறு விளக்கின் மாணவர் எளிதில் நினைவிற் கொள்வர். ஆயினும் இவ்வாவல் அடக்கப்பட வேண்டியது.

காரணம் இது. பஹுபதம் என்னும் பெயர் கூட்டலால் இணைந்த உறுப்புகளை எண்ணுகிறது. பெருக்கலால் இணைந்த காரணிகளை அன்று. ந என்பதை ஓர் எண்ணெனக் கொண்டால், ந² + 1 என்பது இரண்டு உறுப்புகளை உடையது. ஆதலின் அது பஹுபதம். ஆனால் மெய்யெண்களைக் கெழுவாகக் கொண்டு அதனை இரு ஒருபடிக் காரணிகளாகப் பகுக்க இயலாது. தமிழ் வழக்கில் அது 'பகாத பகுபதம்' என்னும் முரண்தொடர் ஆகிவிடும். மேலும் ந² − 2 என்பது விகிதமுறு எண்களைக் கொண்டு பகுபடாது; இரண்டின் வர்க்கமூலத்தை ஒப்பினால் பகுபடும். பகுபடுதல் இங்குக் கோவையின் இயல்பு மட்டுமன்று. எவ்வெண்களை அனுமதிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. சொல்லிலக்கணத்தில் இதற்கு நேரொப்பு இல்லை. சொல்லின் உறுப்புகள் வரிசை மாறினால் சொல் சிதையும். காரணிகள் வரிசை மாறினும் பெருக்கற்பலன் மாறாது. ஒரு சொல்லைப் பகுக்கும் முறையில் இலக்கண உரையாசிரியர் வேறுபடுவதுண்டு. பல்லுறுப்புக் கோவையின் பகாக் காரணிகளோ, மாறிலிப் பெருக்கமும் வரிசையும் நீங்கலாக, ஒரே வகையாகவே அமையும். ஒலி ஒன்றுபட்ட இடத்தில் கருத்து இவ்வளவு தொலைவு விலகி நிற்பதை எல்லைப்புறத்து மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

பகு என்னும் அடியிலிருந்து பிறந்த மற்றொரு சொல் இதனினும் இடர் தருவது. 'பகுதி' என்பது நன்னூலார்க்குச் சொல்லின் முதனிலை. தமிழகப் பாடநூலில் பின்னத்தின் கீழெண்; மேலெண் தொகுதி எனப்படும். திருவிதாங்கூர் வருவாய்த் துறையில் பகுதி என்பது ஒரு கிராம அலகு. பகுதிக் கச்சேரி என்பது அதன் அலுவலகம். மலையாளத்திலோ பகுதி என்றால் பாதி. இருபடிச் சமன்பாட்டை வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்கும்போது நடு உறுப்பின் கெழுவைப் பாதியாக்கி வர்க்கப்படுத்த வேண்டும். மலையாளப் பாடம் அவ்விடத்தில் 'பகுதி' என்றே கூறும். தமிழில் அச்சொல் அப்படியே நின்றால் மாணவன் பின்னம் எங்கே என்று தேடுவான்.

காரணி என்பதற்கு மலையாளத்தில் வழங்குவது மூச்சொலிக் ககரத்தை முதலாக உடைய வடசொல்; ஆக்கும் கூறு என்பது அதன் பொருள். தமிழ் எழுத்தில் அது 'கடகம்' என்றே வரும். தமிழில் கடகம் ஓர் இராசி, கைவளை, பனையோலைப் பெட்டி. பாறசாலைப் பனங்காடுகளின் அருகே வளர்ந்த மாணவனுக்கு இவற்றுள் எது முதலில் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்துப்பெயர்ப்பு இங்கு வழியன்று. ஆனால் கருத்தளவில் மலையாளச் சொல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணி என்பது காரணத்தை நினைவூட்டுகிறது. இலத்தீன மூலமும் செய்பவன் என்னும் பொருளதே. பொருளியலிலும் உயிரியலிலும் 'காரணி' என்று வரும்போது விளைவுக்கு ஏதுவாவது என்பதே கருத்து. கணிதத்தில் காரணி விளைவிக்கும் ஏது அன்று. முழுமையின் ஒரு கூறு. கெழு என்னும் சொல் இதற்கு மாறானது. கெழுமுதல் பொருந்துதல் ஆதலின், மாறியோடு பொருந்தி நிற்கும் எண்ணுக்கு அது மிகவும் ஏற்றது. மலையாளமும் ஈழத் தமிழும் இதற்குக் குணகம் என்பதில் ஒன்றுபடுகின்றன. பாறசாலைக்கு இவ்விடத்தில் சென்னையைக் காட்டிலும் யாழ்ப்பாணம் அணித்து.

எல்லா இடர்களிலும் கொடியது 'சதுரம்'. வடமொழியில் சதுரச்ரம் என்பது நான்கு மூலையுடைய வடிவின் பொதுப்பெயர். பக்கங்கள் ஒத்திருப்பின் சமசதுரச்ரம், நீண்டிருப்பின் ஆயதசதுரச்ரம். மலையாளம் இம்மரபை ஏறக்குறையக் காத்து, சதுரம் என்பதைச் செவ்வகத்திற்கும், சமசதுரம் என்பதை நான்கு பக்கமும் ஒத்த வடிவிற்கும் வழங்குகிறது. தமிழில் பொதுப்பெயர் சிறப்புப் பெயராகக் குறுகியது. சதுரம் என்றால் பக்கங்கள் ஒத்ததே. மற்றையது நீள்சதுரம் எனப்பட்டுப் பின்னர்ச் செவ்வகம் ஆயிற்று.

இது வடிவியலோடு நிற்கும் வேறுபாடு அன்று. இருபடிக் கோவைகளையும் அவற்றின் காரணிகளையும் பரப்பளவின் வழியே அறிமுகம் செய்வது பள்ளிக் கணிதத்தில் பெருவழக்கு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். சுற்றளவு 20 மீட்டர், பரப்பு 21 சதுர மீட்டர், பக்கங்கள் எவை? மலையாளத்தில் இவ்வடிவம் 'சதுரம்' என்றே கூறப்படும். ஒரு பக்கத்தை ந எனக் கொண்டால் மற்றது 10 − ந. அவற்றின் பெருக்கம் 21. எனவே ந² − 10ந + 21 = 0. இடப்புறக் கோவை (ந − 3)(ந − 7) எனக் காரணிப்படும். பக்கங்கள் 3, 7. பாதி வழியாகவும் இதனைக் காணலாம்: பத்தின் பாதி 5; அதன் வர்க்கம் 25; (ந − 5)² = 4; மீண்டும் 3, 7. தமிழில் தொடக்கக் கல்வி பெற்ற மாணவன் 'சதுரம்' என்பதைத் தன் பொருளில் கொண்டால், சுற்றளவு 20 என்றவுடன் பக்கம் 5 என்றும் பரப்பு 25 என்றும் முடிவு செய்வான். வினாவில் 21 என்றிருப்பது பிழையெனத் தோன்றும். அவன் கணக்கில் தவறவில்லை. அவன் கற்ற மொழியில் அவ்வினாவே பொருந்தாத ஒன்று. விடைத்தாள் திருத்துபவர் காண்பது இயற்கணிதம் அறியாத மாணவனை. மதிப்பெண் இழப்புக்குக் காரணமோ ஒரு சொல்லின் பொருட்குறுக்கம். தெற்கே, மலையாளத்தில் தொடங்கித் தமிழ்வழிக்கு மாறுபவனுக்கு இதே இடர் தலைகீழாக நேரும்: 'சதுரத்தின் பரப்பு 49' என்னும் வினாவில் தரவு போதாதென்று அவன் காத்திருப்பான்.

பூச்சியங்கள் என்னும் வழக்கையும் இங்கு நோக்க வேண்டும். ஒரு மதிப்பு பல்லுறுப்புக் கோவையைப் பூச்சியமாக்குமாயின், மாறியிலிருந்து அம்மதிப்பைக் கழித்துப் பெறும் ஒருபடிக் கோவை அதற்குக் காரணியாகும். இவ்வுண்மையைத் தேக்கார்த்து 1637-இல் தம் வடிவியல் நூலில் எடுத்துரைத்தார். பள்ளிப் பாடத்தில் இது காரணித் தேற்றம். மேற்கண்ட கோவையின் பூச்சியங்கள் 3, 7 என்று தமிழகப் பாடநூல் நடை கூறும். மூன்றும் ஏழும் பூச்சியம் அல்லவே என்னும் மாணவனின் திகைப்பு நியாயமானது. ஆங்கிலத்திலும் இம்மயக்கம் உண்டு. தமிழ் அதனை அவ்வாறே ஏற்றது. இந்திப் பாடநூலார் எண்ணைச் சூனியம் என்றும், கோவையைச் சூனியமாக்கும் மதிப்பைச் 'சூனியகம்' என்றும் ஒரு விகுதியால் பிரித்தனர். சிறிய செயல், ஆனால் மொழிபெயர்ப்பில் இத்துணைத் தெளிவு தரும் விகுதி அரிது. தமிழில் சுழியம், சுழி ஆகிய இரண்டும் வழக்கில் இருந்தும் இவ்வாறு பிரித்தாளப்படவில்லை. மலையாளத்தார்க்குச் சுழி நீர்ச்சுழலே ஆதலின் எல்லைப் பகுதியில் அச்சொல்லால் பயன் இல்லை. பூச்சியம் இரு மொழிக்கும் பொது.

சமன்பாட்டின் தீர்வை மலையாளம் 'பரிஹாரம்' என்கிறது. தமிழில் பரிகாரம் தோஷத்திற்குச் செய்வது. தமிழின் தீர்வோ மலையாளச் செவிக்குத் தீருவையை, அதாவது வரியை, நினைவூட்டக்கூடும். தமிழிலும் தீர்வை சுங்கவரிதான். களியக்காவிளைச் சோதனைச் சாவடியை நாள்தோறும் காணும் மாணவர்க்கு இம்மயக்கம் முற்றிலும் அயலானது என்று கூற இயலாது.

கேரள அரசு தமிழ்ச் சிறுபான்மையினர்க்கெனப் பாடநூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. அவற்றை ஆக்குவோர் முன் இரு வழிகள் உள்ளன. தமிழகக் கலைச்சொற்களை அப்படியே கொள்வது ஒன்று. அது தமிழ்நாட்டில் மேற்படிப்பை நாடுவோர்க்குத் துணை செய்யும். அண்டை வகுப்பு மலையாள மாணவனோடும் மலையாளத்தில் பயின்ற ஆசிரியரோடும் பேசுவதற்கு உதவும் சொற்களைக் கொள்வது மற்றொன்று. முதல் வழியே சரியெனத் தோன்றுகிறது. ஒரு மொழியின் கலைச்சொல் மாநில எல்லைதோறும் மாறுவது விரும்பத்தக்கதன்று. ஆனால் சதுரம், பகுதி, பரிகாரம், பதம் ஆகிய சில சொற்களுக்கேனும் அவை வரும் பக்கத்திலேயே மலையாள வழக்கைச் சுட்டும் குறிப்பு வேண்டும். நூலிறுதி அகராதி இதற்குப் போதாது. தெரியாத சொல்லைத்தான் மாணவன் அகராதியில் தேடுவான். தெரிந்ததாக நினைக்கும் சொல்லை எவரும் தேடுவதில்லை.

தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும், கேரளத்தில் 2017-ஆம் ஆண்டின் மலையாளம் கற்றல் சட்டமும் எல்லையின் இருபுறத்துச் சிறுபான்மை மாணவரையும் மாநில மொழியைப் பாடமாகப் படிக்கச் செய்துள்ளன. இதனால் இருபுறமும் எழுத்தறிவு இருமொழிப்பட்டது. அச்சட்டங்களின்படி அம்மாணவர் படிப்பவை செய்யுளும் உரைநடையும் இலக்கணமும். நன்னூற் பகுபதம் தமிழ் இலக்கண வகுப்பில் வரும். பஹுபதம் மலையாளக் கணக்கு வகுப்பில் வரும். பாறசாலைப் பள்ளியொன்றில் ஒரே மாணவன் ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் வாய்ப்பு உண்டு. இரண்டும் வேறு என்று சொல்லும் பொறுப்பு இப்போதைக்கு எந்தப் பாடவேளைக்கும் ஒதுக்கப்படவில்லை.